சிலிண்டர் வாயில் ஒரு ரப்பர் வளையம்

சீல் விற்கிறவர்களை ஊரில் யாரும் நல்ல நாளில் தேடி வருவதில்லை. ஆயில் ஒழுகினால்தான் வருவார்கள், அதுவும் ஏற்கெனவே வேறு யாரிடமோ சண்டை போட்ட முகத்தோடு.

ராணிப்பேட்டை தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் கரீம் பாயின் சீல் கடையில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு கவுன்டரில் உட்காரச் சேர்ந்தவள். இப்போது அளவெடுப்பது, சிலிண்டர் பிரிப்பது, ஆலைக்கே போய் மாட்டிவிட்டு வருவது எல்லாம் நான்தான். என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். பொக்லைன் கையை நீட்டி மடக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பளபளவென்று ஒரு ராடு சிலிண்டரிலிருந்து வெளியே வரும், திரும்ப உள்ளே போகும். வெளியே வரும்போதெல்லாம் அதில் தூசி ஒட்டும். அந்தத் தூசியோடு உள்ளே போகவிடாமல், சிலிண்டரின் வாயிலேயே உட்கார்ந்து ராடைத் துடைத்து அனுப்பும் வளையத்துக்கு வைப்பர் என்று பெயர். அதற்குப் பின்னால் ஆயிலை வெளியே விடாமல் காக்கும் சீல் இருக்கிறது. ஒழுகினால் எல்லோரும் பின்னால் இருப்பதைத்தான் திட்டுவார்கள். முன்னால் இருக்கும் வைப்பர் கிழிந்தது, அதனால் மண் உள்ளே போனது, அந்த மண்தான் சீலையும் கிழித்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான். ஆறுதலுக்காகப் படியுங்கள்.

நூல் அளவு

திமிரியிலிருந்து ஏகாம்பரம் என்று ஒரு விவசாயி வந்தார். டிராக்டரின் பின்னால் மாட்டும் டிப்பரில், தொட்டியைத் தூக்கும் சிலிண்டர் ஒழுகுகிறது. பழைய சீலைக் கொண்டுவந்தீர்களா என்றேன். இல்லை. மாடல் நம்பர்? அழிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு தையல் நூலை எடுத்து கவுன்டரில் வைத்தார். இரண்டு முனையிலும் முடிச்சு. ராடைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டிருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். நூற்றைம்பத்தேழு மில்லிமீட்டர். சுற்றளவை விட்டத்துக்கு மாற்றினால் சரியாக ஐம்பது. வெர்னியர் வைத்து அளக்கிற என் கூட்டாளிகளே ஒன்றிரண்டு மில்லி தப்புவார்கள்.

ஆனால் ராடு அளவு மட்டும் போதாதே. வைப்பர் உட்காரும் பள்ளம், அதாவது குரூவ், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம்? டிப்பரில் என்ன ஏற்றுகிறீர்கள், எருவா, செங்கல்லா, ஏரி மண்ணா? வெயிலில் நிற்கிறதா, கொட்டகையிலா? தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவீர்களா? ராடில் கீறல் இருக்கிறதா? நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறதா? அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். குரூவ் கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை. மறுநாள் சிலிண்டரையே கழற்றி, சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாட்டிக் கொடுத்தேன். தூக்கிக்கொண்டு கிளம்பும்போது கரீம் பாயிடம் சொன்னார்: “எங்க பொண்ணுக்கு வளையல் எடுக்கும்போதும் நூல்தான் கொண்டு போனேன் பாய். அவங்க ஒரு கேள்வியும் கேக்காம எடுத்துக் குடுத்தாங்க.”

நெற்றி எது

ஆம்பூரில் ஒரு தோல் ஆலை. தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் மெஷினில் இருக்கும் சிலிண்டருக்கு நான்கு மாதத்தில் மூன்று முறை சீல் மாற்றியாகிவிட்டது. அந்தப் பிரிவில் தோல் தூசி மாவு மாதிரி பறக்கும். இமை மயிரில்கூடப் படியும். அதற்காகவே முனை கூர்மையான, இரட்டை உதடு வைத்த வைப்பர் போட்டிருந்தேன். அதுவும் தாங்கவில்லை. சரி, நேரில் போய் உட்கார்ந்து பார்ப்போம் என்று காலை ஷிப்டுக்கே போய்விட்டேன்.

ஆபரேட்டர் தனபால் வந்தார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டார். மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு டப்பாவிலிருந்து கிரீஸை விரலில் எடுத்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது போல ராடு முழுக்கத் தடவினார். வெள்ளிக்கிழமையாக இருந்ததால் அதன்மேல் சந்தனம், சந்தனத்துக்குமேல் குங்குமம். ராடு உள்ளே போய் வந்தது. பத்து நிமிஷத்தில் கிரீஸில் தோல் தூசி ஒட்டி, குங்குமமும் சேர்ந்து, உப்புத்தாள் மாதிரி ஒரு சாந்து ஆகிவிட்டது. அதைத்தான் வைப்பர் மாதக்கணக்கில் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

அவரை எப்படித் திட்டுவது? இருபது மெஷின் இருக்கும் அந்தக் கூடத்தில், இத்தனை அன்பாக மெஷினைப் பார்த்துக்கொள்வது அவர் ஒருவர்தான். கழற்றிய வைப்பரை அவர் கையில் கொடுத்து, முனையைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். ராடு மெஷினுக்குக் கை மாதிரி, எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும், ஷிப்டு முடிந்ததும் நூல் பிரியாத சுத்தத் துணியால் துடைத்தால் போதும், கிரீஸ் வேண்டவே வேண்டாம் என்றேன். முகம் வாடித்தான் போனது. அப்புறம் கேட்டார்: “ராடு கை மாதிரின்னா கையில வேணாம், நெத்தியில வெச்சுடலாம். இந்த மெஷினுக்கு நெத்தி எதுன்னு மட்டும் நீங்களே காட்டிட்டுப் போய்டுங்க மேடம்.”

உசத்தி

ராணிப்பேட்டையில் இன்னொரு ஆலை. சாயம் போடும் டிரம்மின் கதவைத் திறந்து மூடும் சிலிண்டருக்கு சீல் கேட்டார்கள். டிரம்மிலிருந்து வெந்நீர் தெறிக்கும், ஆவி அடிக்கும். அதைத் தாங்கச் சாதாரண ரப்பரே போதும் என்று எழுதிக் கொடுத்தேன். புதிதாக வந்திருந்த பர்ச்சேஸ் ஆபீசர் ஒப்புக்கொள்ளவில்லை. இருப்பதிலேயே உசத்தியானதுதான் வேண்டும் என்றார். கல் குவாரி மெஷினுக்குப் போடும் பாலியூரித்தேன் சீலைக் காட்டி, இதை ஏன் தரமாட்டேன் என்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார். கல்லுக்கும் மண்ணுக்கும் அது ராஜா. ஆனால் இந்த வகைக்கு வெந்நீர் ஆகாது. சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த ஆலை ஃபிட்டர் சகாயம் கடைக்கு வந்தார். கையில் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் டப்பா. ஏதோ பலகாரம் என்று கரீம் பாய் கையை நீட்டிவிட்டார். சகாயம் மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்: “பழைய சீல் கொண்டான்னு சொல்வீங்களே மேடம், அதான். கழட்ட வரல, உதிர்ந்துடுச்சி. ஸ்பூனால வாரிக்கினு வந்தேன்.”

முட்டு

அதே ஆலையில் ஈரத் தோல்களைத் தூக்கிக் கொடுக்கும் லிஃப்ட் மேசை ஒன்று உண்டு. கீழே இருக்கும் சிலிண்டர் அதை ஆள் உயரத்துக்குத் தூக்கும். சுண்ணாம்புத் தண்ணீரும் உப்பும் சொட்டிச் சொட்டி ராடில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் விழுந்திருந்தன. குழி விழுந்த ராடு போகும்போதும் வரும்போதும் வைப்பரை அரம் போல ராவும். தூக்கிய மேசை தானாக இறங்குகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு விரற்கடை இறங்குகிறதாம். மெயின்டனன்ஸ் மேனேஜர் பாஸ்கரன் கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். மேசையை மேலே தூக்கி நிறுத்தியிருந்தார். உள்ளே குனிந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்றார். முட்டு கொடுக்காமல் போக மாட்டேன் என்றேன். “ரெண்டு நிமிஷம் பாக்குறதுக்கு முட்டு எதுக்குங்க? லாரி நிக்குது” என்றார். நான் பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றேன். பெண்பிள்ளை பயப்படுகிறாள் என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. பயந்துதான் இருந்தேன், அதை மறைக்கவில்லை.

சகாயம் போய் நான்கு இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து மூலைக்கு ஒன்றாக நிறுத்தினார். நான் உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். வைப்பர் இருந்த இடத்தில் வைப்பரே இல்லை. சுண்ணாம்புக் கட்டிதான் இருந்தது. அதை விரலால் எடுத்துக்கொண்டிருந்தபோது சீல் முழுசாக விட்டுவிட்டது. ஆயில் என் முழங்கையில் அடித்தது. மேலே டங்கென்று ஒரு சத்தம். மேசை இறங்கி நான்கு குழாயின் மேலும் உட்கார்ந்துகொண்டது. என் தலைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண். தவழ்ந்து வெளியே வந்தேன். பாஸ்கரன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பிறகு அந்த ராடையே கழற்றி, தேய்த்து, புது குரோமியம் பூசி, உப்புக்குத் தாங்கும் வைப்பர் போட்டோம். மூன்று மாதம் கழித்து சோதனைக்குப் போனேன். மேசை ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த நான்கு முட்டுகள் சங்கிலியில் தொங்கின. பாஸ்கரன் முட்டியெல்லாம் தூசியோடு எதிரே வந்தார்: “போங்க மேடம், முட்டு குடுத்தாச்சி. உங்களுக்கு முன்னாடி நானே ஒரு தடவ உள்ள போய் உக்காந்து பாத்துட்டு வந்துட்டேன்.”

மரியாதை

வேலூரில் சலூன் வைத்திருக்கும் ரவி, சீல் கடை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாமல் இருந்தவர். அவருடைய நாற்காலி மிதித்தால் ஏறும், ஆனால் ஆள் உட்கார்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முடிவெட்டி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் கண்ணாடியிலிருந்தே மறைந்துவிடுவாராம். பிரித்துப் பார்த்தேன். சின்ன சிலிண்டர்தான். வாயில் வைப்பரைச் சுற்றி மயிரும் முகப்பவுடரும் கெட்டிப்பட்டு ஒரு வளையமாக இருந்தன. பொடி மயிர் ஒவ்வொன்றும் ஊசி மாதிரி உதட்டுக்குள் இறங்கியிருந்தது. தோல் தூசி, நெல் உமி, குவாரிப் பொடி எல்லாம் பார்த்திருக்கிறேன். மனித மயிர் அடைத்த சிலிண்டரை அன்றுதான் பார்த்தேன். சீல் மாற்றி, ராடைச் சுற்றி ஒரு ரப்பர் குல்லாவும் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்து நாற்காலி நிற்கிறதா என்று கேட்டேன். நிற்கிறது, ஆனால் ஒரு சங்கடம் என்றார். என்ன என்றதும் சொன்னார்: “ஆறு மாசமா குனிஞ்சி குனிஞ்சிதான் வெட்டினேன். ரவி ரொம்ப அடக்கமான ஆளுன்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருந்தாங்க. இப்ப நிமிர்ந்து நின்னதும், இன்னாப்பா, எங்க மேல எதனா கோவமான்னு கேக்கறாங்க மேடம்.”

திருப்பிப் போட்டது

இது என் தப்பு. கணியம்பாடிப் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டும் குமரேசன், கதிர் வெட்டும் முன்பகுதியைத் தூக்கும் சிலிண்டரை என்னிடம் கொடுத்து சீல் மாற்றிக்கொண்டு போனார். மூன்றாவது வாரம் போன். முன்பகுதி தூக்கினால் நிற்கவில்லை, ஆயில் சொட்டுகிறது, நடு வயலில் இருக்கிறேன், மேகம் கட்டுகிறது என்றார். கரீம் பாயின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஜெயாம்மா என்பவருடைய நிலம். பாதி அறுத்தாகிவிட்டது. பாதி சாயும் பதத்தில் நிற்கிறது. தெற்கே வானம் கறுத்திருந்தது. அந்த அம்மாள் யாரையும் திட்டவில்லை. வரப்பில் உட்கார்ந்து வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது திட்டுவதைவிட மோசம்.

சிலிண்டர் வாயைத் திறந்தேன். வைப்பரின் உதடு வெளியே பார்க்க வேண்டும். இது உள்ளே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வருகிற சேற்றையும் உமியையும் தள்ளிவிடாமல், அழகாக உள்ளே அழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பத்தொன்பது வருஷ சர்வீஸுக்குப் பிறகு நான் செய்தது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன ஆள்கூடச் செய்யாத காரியம். குமரேசன் எனக்குப் பின்னால்தான் நின்றார். அதைக் கையில் கொடுத்திருந்தாலும் அவருக்கு எந்தப் பக்கம் எது என்று தெரிந்திருக்காது. அதை அப்படியே பையில் போட்டுவிட்டு, வயல் சேறு அப்படி என்று சொல்லிவிடலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு எழுந்து, “இது நான் திருப்பிப் போட்டுட்டேன் குமரேசன். என் தப்பு. இப்பவே மாத்திடறேன்” என்றேன். அவர் வைப்பரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், “மொதல்ல மாத்துங்க” என்றார்.

உமி பறக்கிற வயலில் சிலிண்டரைத் திறந்து வைப்பது, திறந்த புண்ணில் மண்ணைப் போடுவதுபோலத்தான். ஜெயாம்மா வீட்டுக்கு ஓடி, துவைத்து மடித்த வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். அதன்மேல் சாமான்களை அடுக்கினேன். இன்னொரு துணியைக் கூடாரம் மாதிரி அவரே பிடித்துக்கொண்டார். புது சீல் விறைப்பாக இருந்தது; டீ கொண்டுவந்த பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கி, கொஞ்ச நேரம் முக்கி இளக்கிக்கொண்டேன். சிலிண்டரை இரண்டு முறை ஆயில் விட்டு அலசினேன். ராடில் இருந்த கீறலை மெல்லத் தேய்த்து எடுத்தேன். வைப்பரைப் போடும் முன்பு உதடு எந்தப் பக்கம் என்று மூன்று முறை பார்த்தேன். நான்காவது முறை குமரேசனையும் பார்க்கச் சொன்னேன். மெஷின் கிளம்பியது. முன்பகுதி தூக்கினால் நின்றது. மழை வருவதற்குள் ஒரு மூலை தவிர மற்றதெல்லாம் வெட்டியாகிவிட்டது. அந்த மூலை நனைந்தது நனைந்ததுதான். இனி இந்த ஆள் நம் கடைப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு சாமான்களைக் கட்டினேன். குமரேசன் ஸ்கூட்டர் வரை வந்தார்: “சொல்லாம இருந்திருந்தா நானும் வேற எடத்தப் பாத்துக்கினு போயிருப்பேன். சொல்லிட்டீங்க, இனிமே எல்லா சிலிண்டரும் உங்ககிட்டதான் வரும். வேற யார்கிட்ட போனாலும் உண்மையச் சொல்றாங்களான்னு ரோசனையாவே இருக்கும்.”

மெஷினுக்குச் சட்டை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அடியிலிருந்து மேலே எழும்பி அழுத்தும் பிரஸ். மேலே நடக்கும் வேலையில் விழுகிற துணுக்கும் தூசியும் நேராக ராடின்மேல்தான் விழும். எந்த வைப்பர் போட்டாலும் இரண்டு மாதம். ராடை மூடி, கூடவே விரிந்து சுருங்கும் மடிப்புச் சட்டை ஒன்று போட வேண்டும். அந்த அளவில் கடையில் கிடைக்கவில்லை. வரவழைக்க மாதக்கணக்காகும் என்றார்கள். நான் அளவெடுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தபோது, தையல் பிரிவிலிருந்து சாப்பிடப் போய்க்கொண்டிருந்த பர்வீன் நின்று எட்டிப் பார்த்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். “இது இன்னா, குழந்தைக்கு கவுனா?” என்றார். சொன்னேன். “இவ்ளோ தோலு இங்கயே கெடக்கு, இதுக்குப் போய் எங்கயோ எழுதிப் போடறீங்களே” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் கழிவுத் தோலில் ஒன்று தைத்து வைத்திருந்தார். பாவாடைக் கொசுவம் மாதிரி அழகான மடிப்பு. மாட்டினோம். பிரஸ் இறங்கும்போது ஒரு மடிப்பு நடுவில் மாட்டிக் கிழிந்தது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அவருக்கு ஆகவில்லை. கிழிந்ததைக் கையில் எடுத்து, எங்கே மாட்டியது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இரண்டாவதில் மடிப்புக்கு மடிப்பு உள்ளே கம்பி வளையம் வைத்துத் தைத்தார். இந்த முறை மாட்டவில்லை. ஆனால் ராடு இறங்கும்போது உள்ளிருந்த காற்று போக வழியில்லாமல் பலூன் மாதிரி உப்பியது. நான் யோசிப்பதற்குள் அவரே, “மூச்சு விடணும்ல அது” என்று அடிப்பக்கமாக இரண்டு துளை போட்டு, தூசி போகாமல் உள்ளே வலைத் துணி வைத்துத் தைத்தார். அதன்பின் அந்த வைப்பரை ஒன்றரை வருஷம் நான் தொடவில்லை. முதலில் ஓடவிட்டுப் பார்த்த அன்று, சூப்பர்வைசர்கள், ஆபரேட்டர்கள் எல்லோரும் சுற்றி நின்று அது விரிவதையும் சுருங்குவதையும் வேடிக்கை பார்த்தார்கள். நான் பர்வீன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண் பக்கத்துப் பிரஸ்ஸின்மேல் இருந்தது: “இத்தினி வருசமா ஜோடி ஜோடியாவே தெச்சிப் பழக்கம். இது ஒண்ணு மட்டும் ஒத்தையா இருக்கறது பேஜாரா இருக்கு, அந்தப் பக்கத்து ராடுக்கும் அளவு சொல்லுங்க.”

எல்லா வகைத் தூசிக்கும் பத்தொன்பது வருஷத்தில் ஏதோ ஒரு சீலைக் கண்டுபிடித்துவிட்டேன். போனில் “போன தடவ வாங்கினோம் இல்ல மேடம், அதே” என்று மட்டும் சொல்லி, பெயரும் சொல்லாமல் வைத்துவிடுகிற அன்பர்களுக்கு எதை எடுத்துக் கட்டுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.